நாலு நிமிட நிதானம்

முதலில் கண்ணாடியைத் துடைக்கிறார். பிறகு அதே துணியால் மவுஸைத் துடைக்கிறார். பிறகு மவுஸ் இருந்த இடத்தையும் துடைக்கிறார். செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் ஜோடியாக வைத்துவிட்டு, திரையைப் பார்த்து, "சரி, சொல்லு. உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்கிறார். பின்னால் நிற்கும் மேடம் ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் வெளியே வந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கீபோர்டில் ஓர் எழுத்தைத் தேடத் தொடங்குகிறது. மற்ற ஒன்பது விரல்களும் விடுமுறையில் இருக்கின்றன.

"இங்கதானே இருந்துச்சு... எங்க போயிருக்கும்... ஆங், கிடைச்சிடுச்சு. அட, இது அவன் இல்ல. அவன் தம்பி."

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்பதால் நான் நிதானம் அண்ணன் என்பேன். குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் அறிவிப்புப் பிரிவு எழுத்தர். அடுத்த மேஜை என்னுடையது. வாரியத்தின் இணையதளத்துக்கு வாசகம் எழுதுவது என் வேலை. 'குழாயைத் திறந்து வைக்காதீர்கள்' என்பதை இதுவரை நாற்பது விதமாக எழுதியிருக்கிறேன். ஒருவரும் மூடியதாகத் தெரியவில்லை.

அந்த இணையதளம் லேசுப்பட்டதல்ல. முப்பத்தொரு கிளைகள், நாற்பதாயிரம் பக்கங்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்கிற ஒரு பக்கத்தைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். மீதியை எழுதியவர்களே பார்ப்பதில்லை, நான் உட்பட. இத்தனையையும் தாங்கிய பழைய மென்பொருளை ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து எழுதினார். எழுதிவிட்டு ஓய்வு பெற்று ஊரைவிட்டே போய்விட்டார். அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும், புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பக்கத்தைத் திருத்த, படம் மாற்ற, வெளியிட உதவுகிற மென்பொருளாக இருக்க வேண்டும். அதுவும் திறந்த மூல மென்பொருளாக இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம், இனி ஒரே ஆளை நம்பிக் கிடக்க வேண்டாம் என்பது எண்ணம். தேடியதில் பதினொன்று அகப்பட்டன.

குழுவில் ஆளுக்கொரு கவலை. ஒருவருக்கு, ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேர் வந்தால் தாங்குமா என்று. இன்னொருவருக்கு, திருடன் நுழைந்துவிடுவானோ என்று. வெளியிலிருந்து வந்த ஆலோசகருக்கு, பார்க்க அழகாக இருக்க வேண்டும். எங்கள் பிரிவின் தலைவியான மேடம் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் தங்கையிடமிருந்து ஒரு ஸ்டாப்வாட்சை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். "நம்ம வாரியத்துலயே ரொம்ப மெதுவான ஆளு, யாரையும் கேக்காம, ஒரு தெருவோட நேரத்தை மாத்தி, படத்தை மாத்தி, வெளியிடணும். நாலு நிமிஷம். அதுக்கு மேல போனா அந்த சாஃப்ட்வேர் நமக்கு வேணாம்" என்றார்.

மிக மெதுவான ஆள் யார் என்பதில் விவாதமே எழவில்லை. இரண்டு வருடத்தில் அந்தக் குழு ஒருமனதாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். 'வாரியத்தின் மிக மெதுவான பணியாளர் என்ற முறையில் தாங்கள் சோதனைக்கு நியமிக்கப்படுகிறீர்கள்' என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் பதவி, தங்கச்சி" என்றார் என்னிடம். வீட்டில் அண்ணி அதை வாசித்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க ஒரு குழுவா? என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே" என்றாராம்.

பதினொரு மென்பொருள்களின் பெயர்களும் அவர் வாயில் நுழையவில்லை. ஆகவே எல்லாவற்றையும் சொந்தக்காரர்களாக்கிவிட்டார். எதைத் தொட்டாலும் 'நிச்சயமாகவா?' என்று கேட்பது மாமியார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் செய்யாதது சம்பந்தி. ஜோராக வந்து இறங்கி, எல்லாரையும் ஓடவிட்டு, தான் மட்டும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை. "ரெண்டு திட்டு திட்டும், ஆனா வேலை நடந்துடும்" என்று அவர் சொன்னது பெரியக்காவை. இந்தப் பெயர்கள் குழுவுக்கும் தொற்றிக்கொண்டன. 'மாமியார் நிராகரிக்கப்பட்டார்' என்று குறிப்பில் ஏறி, கோப்பு மேலே போய், இயக்குநர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்த கதை தனி.

சோதனை எப்போதும் திங்கட்கிழமைதான் நடக்கும். அது அண்ணன் வைத்த ஒரே நிபந்தனை. "ஞாயித்துக்கிழமை ஓய்வெடுத்துட்டு வந்தாதான் எனக்கு மெதுவா வரும்" என்பார். பிழைச் செய்தி தோன்றினால் அதைத் தலைப்புச் செய்தி மாதிரி சத்தமாக வாசித்துவிட்டு, "நீ சொல்றது சரிதான்பா, அதுக்கு நான் என்ன பண்றது?" என்பார். நடுவில் ஒரு முப்பது வினாடி வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பென்சிலால் காதைக் குடைவார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாயைத் திறக்கக் கூடாது என்பது மேடத்தின் விதி. ஆலோசகர் ஒரு நாள் நகத்தைக் கடித்ததில் ரத்தமே வந்துவிட்டது. அண்ணனோ டீ டம்ளரை ஒரு பழைய சி.டி.யால் மூடிவைத்துவிட்டு, மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார். பழைய மென்பொருளின் விளக்கக் குறிப்பு அந்த சி.டி.யில்தான் இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது மென்பொருள் வந்தபோது அவருடைய குட்டு வெளிப்பட்டது. மதியச் சாப்பாட்டு நேரம். மறந்துபோன குடையை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தேன். ஆளில்லாத அறையில் கீபோர்டு சடசடவென்று சத்தம். உட்கார்ந்திருந்தது நிதானம் அண்ணன். பத்து விரல்களும் வேலை பார்த்தன. மவுஸைத் தொடவே இல்லை. பக்கம் திறந்தது, நேரம் மாறியது, படம் மாறியது, வெளியானது, அடுத்த தெரு. நான் வாயைப் பிளந்து மூடுவதற்குள் ஐந்து தெருக்கள் முடிந்துவிட்டன.

"அடப்பாவி அண்ணே!"

ஒன்பது விரல்கள் சட்டென்று மடங்கின. "உன் குடை அந்த மூலையில இருக்கு பாரு தங்கச்சி" என்றார், காது சிவக்க.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு வருடமாக ஒரு குழுவையே உட்காரவைத்துக் காது குத்தியிருக்கிறாரே! குடையை ஊன்றிக்கொண்டு நியாயம் கேட்டேன்.

"நாலாவது சாஃப்ட்வேர் வரைக்கும் நிஜமாவே மெதுவாத்தான் இருந்தேன், சத்தியமா. அதுக்கப்புறம் கைக்குப் பழகிடுச்சு. எல்லாம் ஒரே மாதிரி வீடுதான். சுவிட்சு மட்டும் வேற வேற செவுத்துல இருக்கும். நான் என்ன பண்ண?"

"மேடம்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா? என்னை எழுப்பிட்டு வேற ஒருத்தரை உக்கார வெப்பாங்க. அவரும் நாலு சாஃப்ட்வேர்ல தேறிடுவாரு. கிளையில இருந்து ஆளைக் கூப்பிடுங்கன்னு மேடம் ரெண்டு தடவை எழுதிக் கேட்டாச்சு. அவங்க இங்க வந்தா அங்க போன் யாரு எடுப்பாங்கன்னு திருப்பிட்டாங்க. அதான், நானே கிளைக்குப் போயிட்டு வரேன்."

கிளை என்று அவர் சொன்னது தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை. அண்ணியின் தங்கை வாரியத்தின் கிளை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஒரு கையில் புகார் போன், மறு கையில் இணையதளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிற மச்சினியை, கை ஈரம் காய்வதற்குள் அண்ணன் கணினி முன்னால் உட்காரவைக்கிறார். சோதனைப் பக்கம் வீட்டிலிருந்தும் திறக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். சரியாக ஒரு நிமிடம் ஆனதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய், கூரையைப் பார்த்தபடி, மச்சினியின் போனுக்கே போன் போட்டு, "அலோ, ரெண்டு நாளா தண்ணி வரலைங்க! நீங்கல்லாம் எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க?" என்று கத்துகிறார்.

"கிளையில அப்படித்தானே நடக்கும்? நம்மள மாதிரி யாரு அங்க அமைதியா உக்காந்து திருத்தறாங்க?" என்றார் என்னிடம். கூரையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கதவிடுக்கில் மச்சினியின் முகத்தைப் பார்த்துவிட்டால் சிரிப்பை அடக்க முடியாதாம்.

நோட்டைக் காட்டினார். கட்டம் போட்ட கணக்கு நோட்டு. 'நாற்பதாவது வினாடி, படத்தைத் தொட்டாள், படம் பெரிசாச்சு, பயந்துட்டாள். ஒரு நிமிஷம், போன். ஒண்ணரை நிமிஷம், எங்க விட்டோம்னு தெரியல. ரெண்டு நிமிஷம், என்னைத் திட்டினாள். ரெண்டே கால், அக்காவைத் திட்டினாள்.' மறுநாள் அலுவலகத்தில் அந்த நோட்டில் உள்ளதை வினாடி பிசகாமல் அப்படியே செய்து காட்டுகிறார். மச்சினி தப்பாகத் தொட்ட இடத்தைத் தப்பாகவே தொடுகிறார். அவர் யோசித்த இடத்தில் யோசிக்கிறார். போன் வந்த முப்பது வினாடிதான் அந்தப் பென்சிலும் காதும். திட்டிய இடத்தில் மட்டும், இடம் பொருள் பார்த்து, இருமிக்கொள்கிறார். 'அவன் தம்பி' என்பதுகூட மச்சினியின் வசனமாம்.

"அவங்களும் பழகிட மாட்டாங்களா அண்ணே?"

"வாரத்துக்கு முந்நூறு போன் எடுக்கறா. போன ஞாயித்துக்கிழமை எந்த பட்டன் எங்க இருந்துச்சுன்னா அவளுக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

இதற்காக ஒரு மனிதர் இத்தனை நாள் முட்டாள் பட்டம் சுமப்பாரா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். போன வருடம் பழைய மென்பொருள் மச்சினி போட்ட ஓர் அறிவிப்பை விழுங்கிவிட்டது. திரையில் 'வெளியிடப்பட்டது' என்று வந்ததை நம்பி அவர் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஆறு தெருக்களில் ஜனங்கள் தலை நிறையச் சோப்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு, வராத குழாயைத் திருகிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தெருக்களில் ஒன்றில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விசாரணை நடந்தது. 'பணியாளரின் கவனக்குறைவு' என்று மச்சினியின் பணிப்பதிவேட்டில் எழுதினார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று கடிதமும் கொடுத்தார்கள். மென்பொருளுக்குப் பணிப்பதிவேடு கிடையாது.

"அவ மக்கு இல்ல தங்கச்சி. அந்தப் பெட்டி அவகிட்ட பொய் சொல்லுச்சு. அடுத்ததும் பொய் சொன்னா அவ வேலையே போயிடும்" என்றார் அண்ணன். என் கோபம் போன இடம் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து நானும் கூட்டுக் களவாணி.

கடைசியில் இரண்டு மிஞ்சின: பெரியக்காவும் மாப்பிள்ளையும். பெரியக்காவிடம் மச்சினிக்கு மூன்று நிமிடம் நாற்பது வினாடி, போன் உட்பட. மாப்பிள்ளையோடு பதின்மூன்று நிமிடம் மல்லுக்கட்டிப் பக்கத்தையே காணாமல் போக்கிவிட்டார். அண்ணனும் திங்கட்கிழமை அதைப் பொறுப்பாகக் காணாமல் போக்கினார். ஆனால் ஆலோசகருக்கு மாப்பிள்ளை மேல் கொள்ளை ஆசை. அதில் படங்கள் வழுக்கிக்கொண்டு வரும், எழுத்துகள் மெல்ல எழும்பும். "அது பழைய பதிப்பு. புதுப் பதிப்புல முகமே மாறிடுச்சு. இன்னொரு தடவை வைங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார். இயக்குநர் வியாழக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார். புதன்கிழமை மாலைதான் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். மச்சினிக்கு அந்த வாரம் மாலை ஷிப்டு.

"திங்கக்கிழமை வெச்சுக்கலாமே சார்" என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏன், நாலு நாள் ஊற வெச்சா வேகம் வந்துடுமா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் ஆலோசகர்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் இயக்குநர், குழு, ஆலோசகர், மேடம். குறிப்பெடுக்க மூலையில் நான். மேஜைமேல் கணினி, பக்கத்தில் கூட்ட அறையின் போன். இயக்குநர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார், மவுஸைத் துடைத்தார், செருப்பைக் கழற்றினார். ஒற்றை விரல் வெளியே வந்தது. நோட்டு இல்லாமல் அவர் உட்கார்வது வெகுநாளைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. மச்சினி எங்கே தடுமாறுவார் என்று அவருக்குத் தெரியாது. தானாக ஒரு தப்பை இட்டுக்கட்ட மனசு வரவில்லை. விரல் அந்தரத்தில் அப்படியே நின்றது.

ஆலோசகர் இயக்குநரின் காதில் சொல்வதுபோல், ஆனால் அறைக்கே கேட்கும்படி சொன்னார்: "பாருங்க சார், இந்த மாதிரி மக்குங்களுக்காக நல்ல சாஃப்ட்வேரை ஒதுக்கிட்டிருக்கோம். கிளையில இருக்கறதுங்களும் இதே ரகம்தான். ஆறு தெரு நுரையோட நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

அண்ணனின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். வேண்டாம் அண்ணே, வேண்டாம் என்று உள்ளுக்குள் கத்தினேன். பத்து விரல்களும் இறங்கிவிட்டன. சடசடவென்று நேரம் மாறியது, படம் மாறியது, பக்கம் வெளியானது. மேடம் ஸ்டாப்வாட்சைப் பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, மறுபடி பார்த்தார். முப்பத்தெட்டு வினாடி.

எல்லாரும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா சார்! இந்த ஆளுக்கே முப்பத்தெட்டு செகண்டு! இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று துள்ளினார் ஆலோசகர். "பலே!" என்று சொல்லி இயக்குநர் கோப்பைப் பக்கத்தில் இழுத்தார். இத்தனை பாடுபட்ட மனிதர், ஒரு நிமிட ரோஷத்தில், மாப்பிள்ளையை மச்சினியின் தலையில் தாமே கட்டிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சார், கையெழுத்துப் போடாதீங்க."

வெறுங்காலோடு எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, மேஜைமேல் வைத்து நீவிவிட்டார். "இதுல போட்டிருக்கற ஆளு நான் இல்ல சார். ஒரு காலத்துல இருந்தேன். பதினோரு சாஃப்ட்வேர்ல மாத்தி மாத்தி உக்கார வெச்சு நீங்கதான் என்னைக் கெடுத்துட்டீங்க. நான் இத்தனை நாளும் கிளையில இருக்கற ஒருத்தியைப் பாத்து, அவ எப்படிச் செய்வாளோ அப்படிச் செஞ்சு காட்டினேன். இன்னிக்கு செஞ்சது மட்டும்தான் நான். இது கணக்குல வராது. புதுசா பாக்கறவங்க யாராவது உக்காரணும்."

"அப்ப இங்க வேற யாருய்யா மெதுவான ஆளு?" என்று எகிறினார் ஆலோசகர்.

குழுவில் ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் தம் ஷூவைப் பார்த்தார். மேடம் கடிதத்தைக் கையில் எடுத்து, யாரையும் பார்க்காமல் வாசித்தார். "மிக மெதுவான பணியாளர்னுதான் போட்டிருக்கு சார். எந்தப் பதவின்னு போடல."

தமக்கு வரும் மின்னஞ்சலை உதவியாளர் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால்தான் இயக்குநர் படிப்பார் என்பது வாரியத்தின் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். இயக்குநருக்கு மட்டும் மேடம் சொன்னது உறைக்கவில்லை. "முப்பத்தெட்டு செகண்டு வேலைதானே? இதுக்கா இவ்ளோ பேச்சு? நானே செஞ்சு காட்டறேன், தள்ளுங்க" என்று எழுந்துவிட்டார்.

"சார், நீங்க எதுக்கு சார்..." என்று பதறினார் ஆலோசகர்.

நிதானம் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். மவுஸை ஒரு தடவை துடைத்து, இயக்குநரின் வலது கைப் பக்கமாக நகர்த்தினார். மேடம் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். இயக்குநரின் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் வெளியே வந்தது. "எங்க... இதுல எதை அமுக்கணும்?" யாரும் வாயைத் திறக்கவில்லை, விதி அப்படி. அவர் படத்தைத் தொட்டார். படம் திரை முழுக்கப் பெரிதாகி நின்றது. இயக்குநர் பின்னுக்குச் சாய்ந்தார்.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒரு நிமிடம் ஆனதும் வெறுங்காலோடு ஜன்னலோரம் போய், தம் போனை எடுத்து, நிதானமாக எண்ணை அமுக்கிக் காதில் வைத்துக்கொண்டு, கூரையை நிமிர்ந்து பார்த்தார். இயக்குநரின் முழங்கைக்குப் பக்கத்தில் கூட்ட அறையின் போன் அடிக்கத் தொடங்கியது.